பூ விழுந்த பக்கம்

"பூ எடது பக்கம் உழுந்துச்சும்மா. நீங்க எப்பிடி அதை வலது பக்கம் உழ வச்சீங்க?"

வந்தவர் உட்காரக்கூட இல்லை. கதவருகிலேயே நின்று கேட்டார். நீலநிறக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு. காலை ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து நேராக வந்திருக்கிறார்.

சத்யப்ரியா ஹெட்போனைக் கழற்றினாள். ஓசூரில் ராயக்கோட்டை சாலையோரம், டூவீலர் உதிரிபாகக் கடைக்கு மேலே அவளுடைய எடிட்டிங் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம் எல்லாம் அங்கேதான் வெட்டி ஒட்டப்படும். இப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்தது 'மூளியம்மன் மகிமை'. ஒரு மணி நேர பக்திப் படம்.

"நீங்க யாருண்ணே?"

"திம்மப்பன். சின்னகானப்பள்ளி. உங்க படத்துல கோயிலுக்குள்ள போறனே, அந்த ஆளு."

அவளுக்கு உடனே பிடிபட்டது. படத்தின் கடைசிக் காட்சியில், கையில் பூத்தட்டோடு கருவறைக்குள் நுழைகிறவர். முதுகுதான் அதிகம் தெரியும்.

"அண்ணே, உட்காந்து சொல்லுங்க. எந்தப் பூ?"

திம்மப்பன் தன் போனை நீட்டினார். வாட்ஸப்பில் வந்த டிரெய்லர். அம்மனின் தோள்கள் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன. இரண்டு தோளிலும் ஈரச் செவ்வந்தி. வலது தோள் பூ நழுவி விழுகிறது. 'அம்மன் உத்தரவு தந்தாள்!' என்று முழங்குகிறது ஒரு குரல். தொடர்ந்து, படத்துக்குப் பணம் போட்ட ராஜசேகரின் கும்பிட்ட கைகள்.

"நல்லா வந்திருக்கே அண்ணே. என்ன பிரச்சனை?"

"என் மானமே போச்சும்மா. அதான் பிரச்சனை."

*

அவர் சொன்னது இதுதான்.

சின்னகானப்பள்ளி, உத்தனப்பள்ளிக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஏரிக்கரையில் மூளியம்மன் கோயில். சிலைக்கு இடது காது உடைந்திருக்கும். எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. உடைந்த காதோடுதான் அம்மன், அதனால்தான் அந்தப் பெயர். ஊருக்குப் பொதுவாக ஒரு காரியம் என்றால் அம்மனிடம் பூக் கேட்பார்கள். இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டி வைப்பார்கள். நல்ல காதுப் பக்கம், அதாவது வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். மூளிக்காதுப் பக்கம் விழுந்தால் மறுப்பு. கேட்கிறவர் மட்டும் உள்ளே இருப்பார், கதவு சாத்தியிருக்கும், ஊர் வெளியே முதுகைக் காட்டி நிற்கும். அவர் வந்து சொல்வதுதான் வாக்கு. திம்மப்பனின் குடும்பம்தான் தலைமுறையாக அந்தத் தட்டை ஏந்துகிறது.

ஏரிக்கரை வழியாகப் புதுக் கம்பெனிகளுக்குச் சாலை வர வேண்டும். கோயில் குறுக்கே நிற்கிறது. கோயிலை ஹைவே பக்கம் மாற்றிப் பெரிய கோபுரம் கட்டித் தருகிறேன் என்று வந்தவர் ராஜசேகர். கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போகிறார். அம்மனையே கேட்டுவிடலாம் என்றது ஊர். தை மாதம் பூக் கேட்டார்கள்.

"மூளிக்காதுப் பக்கம் உழுந்துச்சு. வெளிய வந்து அம்மா மாட்டேங்குதுன்னு சொன்னன். ராஜசேகரு பாத்தாரு. கும்பிட்டுட்டு காரேறிட்டாரு. இப்ப இந்த வீடியோ வருது."

"உள்ள கேமரா எப்படிண்ணே வந்துச்சு? யாரும் இருக்கக் கூடாதுன்னு சொல்றீங்க."

திம்மப்பன் தலையைச் சொறிந்தார். "அங்கதாம்மா ஏமாந்தோம். அந்த டைரக்டரு பிரதாப் வந்து, ஆளுதானே இருக்கக் கூடாது, கேமரா ஆளா, அது பாட்டுக்கு ஸ்டாண்டுல நிக்கும்னாரு. எங்கூர்த் தலைவரு முத்துமணி, ஆமா, ஆளு இல்லியேன்னாரு. நானும் சரின்னுட்டன்."

"இப்ப ஊர்ல என்ன பேசறாங்க?"

"திம்மப்பன், கம்பெனி வரக் கூடாதுங்கறவன்கிட்ட காசு வாங்கிட்டு பொய் வாக்கு சொல்லிட்டான்னு பேசறாங்க. எங்க அண்ணி சாந்தம்மா, கூடப் பொறக்காத அக்கா மாதிரி, அதுவே எங்கூட்டுல பச்சத் தண்ணி குடிக்கறதில்ல. நான் கண்ணால பாத்தேங்கறன். நாங்களும்தான் கண்ணால பாத்துட்டோம், செல்போன்லயேங்கறாங்க. திருவிழா அன்னிக்கு படம் போடறாங்க. படம் முடிஞ்சதும் ஊர்க் கூட்டம் உக்காரும். எங்கிட்டருந்து தட்டை வாங்கிடுவாங்க. கோயிலைப் பிரிக்கறதுக்குக் கையெழுத்து போட்டுடுவாங்க."

சத்யப்ரியா இந்தப் பக்கத்துக்காரி இல்லை. அவள் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே சாமியிடம் கேட்பதென்றால் திருநீறு ஒரு பொட்டலம், குங்குமம் ஒரு பொட்டலம், எதைக் கை எடுக்கிறதோ அதுதான் பதில். வலம், இடம் என்று ஒரு கணக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. பூ விழுந்தால் அழகான ஷாட். அவ்வளவுதான்.

மவுஸை நகர்த்தி அந்த ஷாட்டைத் திறந்தாள். ஓரத்தில் இரண்டு அடையாளங்கள். ஒன்று, படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டியது. இன்னொன்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பியது.

இரண்டையும் செய்தது அவளேதான்.

பிரதாப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது அப்படியே காதில் கேட்டது. 'மேடம், ஒடஞ்ச காது அசிங்கமா இருக்கு, தோளோட வெட்டிடுங்க.' ஒரு டீ கழித்து, 'அடுத்த ஷாட்ல அண்ணன் அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றாரு. இதைத் திருப்பிப் போட்டா மேட்ச் ஆகும்.' எடிட்டிங்கில் தினமும் பத்து ஷாட் அப்படித் திருப்புவதுதான். மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்த்தால் பெண்ணை இந்தப் பக்கம் பார்க்க வைக்க வேண்டாமா?

இரண்டு குறியையும் தற்காலிகமாக எடுத்துப் பார்த்தாள். திரையில் அம்மன் முழுசாக வந்தாள். உடைந்த இடது காது. அதற்குக் கீழே நழுவி விழும் செவ்வந்தி.

"இதாம்மா!" திம்மப்பன் திரையை நோக்கிக் கும்பிட்டே விட்டார். "இதான் எங்க அம்மா!"

*

அவள் செய்த தப்பு, நேர்மையாகப் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தது.

பிரதாப்பைக் கூப்பிட்டாள். "அந்தப் பூ ஷாட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு சார், திருத்திடறேன்" என்றாள். அவன் உடனே சொன்னான்: "இருங்க மேடம், நேர்ல வர்றோம்."

வந்தார்கள். பிரதாப்போடு ராஜசேகரும். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். திம்மப்பனைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, திம்மப்பனா? டூட்டி முடிஞ்சிதா? நம்ம லேபர்தான் மேடம். லோடிங் செக்‌ஷன்."

திம்மப்பன் எழுந்து நின்றார். அவர் கழுத்தில் தொங்கிய கேட் பாஸில் இருப்பது ராஜசேகரின் கான்ட்ராக்ட் முத்திரை.

"சார், ஷாட்டைத் திருப்பினதால அர்த்தமே மாறிப்போச்சு" என்றாள் சத்யப்ரியா.

"படம்தானே மேடம்? பக்திப் படத்துல அம்மன் ஆகாசத்துல பறக்குது. பாம்பு பால் குடிச்சிட்டு கண்ணீர் வுடுது. அதெல்லாம் கிராபிக்ஸ்னு எவனாச்சும் வந்து உங்ககிட்ட சண்டை போட்டானா?"

"அது கதை சார். இது நடந்தது. ஊரே இதை நம்பி முடிவு எடுக்கப் போகுது."

"நம்பட்டுமே. கோபுரம் கட்டித் தரேன். சாமிக்கு என்ன நட்டம்?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஓப்பனா சொல்றேன் மேடம். மேடைல நின்னு ரோடு வேணும், வேலை வேணும்னு பேசினா எவனும் கேக்க மாட்டேங்கறான். அம்மன் சொல்லிச்சுன்னா கேக்கறான். நல்ல விசயத்துக்குத்தானே சொல்ல வைக்கறோம்?"

"அம்மா அப்பிடிச் சொல்லலீங்களே" என்றார் திம்மப்பன், தரையைப் பார்த்தபடி.

"யோவ், உள்ள இருந்தது நீ ஒருத்தன். வெளிய வந்து சொன்னதும் நீ ஒருத்தன். உனக்கு ஒரு சாட்சி உண்டா? எனக்கு வீடியோ இருக்குது." திரும்பினார். "பிரதாப், அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்க. ஷூட் பண்ணது நம்ம சொத்து."

பிரதாப் ஒயரைப் பிடுங்கி டிஸ்க்கைப் பைக்குள் போட்டான். அவள் தடுக்கவில்லை. ஒப்பந்தப்படி அது அவர்களுடையதுதான்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. எலெக்‌ஷன் வேலை பூரா உங்க ஸ்டூடியோவுக்குத்தான்." வாசலில் நின்று ராஜசேகர் நிதானமாகச் சொன்னார்: "அப்பறம், வேற வீடியோ ஏதாச்சும் வாட்ஸப்புல சுத்துச்சுன்னா ஏஐ-ன்னு ஒரே வார்த்தை சொல்லிடுவேன். இப்பல்லாம் அதான் மொதல்ல நம்பறாங்க."

படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"உடுங்கம்மா" என்றார் திம்மப்பன். "உங்க பொழப்பையும் கெடுத்துக்காதீங்க. நாலு சாதி சனம் முன்னாடி பொய்யன்னு பேரு வாங்கணும்னு எழுதியிருக்குது."

அவர் போன பிறகு சத்யப்ரியா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. அவளுடைய கம்ப்யூட்டர் பழசு. ஒரிஜினல் வீடியோவை அப்படியே ஓட்டினால் திக்கும். அதனால் எந்தப் படம் வந்தாலும் முதல் வேலையாக எல்லா ஷாட்டுக்கும் தரம் குறைந்த சின்ன நகல் எடுத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் எடிட் செய்வாள்.

டிஸ்க் போய்விட்டது. நகல் இருந்தது.

ஆனால் அதை வைத்து என்ன செய்வது? அவளோ திம்மப்பனோ எதைக் காட்டினாலும் ஏஐ. ஊர் நம்ப வேண்டுமானால் அது ராஜசேகரின் திரையிலிருந்தே வர வேண்டும்.

*

வழி தானாகவே வந்தது. கட்சியின் மாவட்டச் செயலாளர் வடிவத்தில்.

திருவிழா அன்று மத்தியானம் பிரதாப் வியர்க்க விறுவிறுக்க மாடியேறினான். "மேடம், காப்பாத்துங்க. மாவட்டம் திடீர்னு விழாவுக்கு வர்றாராம். டைட்டில்ல அவர் போட்டோவே இல்ல. உங்ககிட்டதான் ப்ராஜெக்ட் இருக்கு. டிஸ்க் இந்தாங்க."

"போட்டோ மட்டும்தானே சார்? அதுக்கு டிஸ்க் எதுக்கு, நீங்களே வச்சுக்கங்க. போட்டோவைக் குடுங்க" என்றாள், முகத்தில் எதையும் காட்டாமல்.

போட்டோவைச் சேர்த்தாள். பிரதாப் பார்த்துவிட்டுப் பதறினான். "ஐயோ, அண்ணன் போட்டோவைவிடச் சின்னதா இருக்கே! மாவட்டம் பாத்தா அவ்ளோதான்."

பெரிதாக்கினாள். பிரதாப் அதை போனில் படம் எடுத்து ராஜசேகருக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது. பேசிவிட்டு வந்தான். "ரொம்பப் பெருசா இருக்காம் மேடம். அண்ணன் மொகம் தொண்டன் மாதிரி தெரியுதாம். கொஞ்சமா கொறைங்க. ஆனா சமமா வேணாம்."

"எவ்ளோ சார்?"

"ஒரு காது அளவுக்கு அவர் பெருசா இருக்கட்டும்."

சத்யப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அடுத்த போன் வந்தது. சிக்னல் சரியில்லை என்று படியிறங்கிக் கீழே டீக்கடைக்குப் போனான்.

அவன் ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். கடைசிக் காட்சிக்குப் போனாள். வெட்டியதை விடுவித்தாள். திருப்பியதை நேராக்கினாள். பின்னணிக் குரலைத் தொடவில்லை. முழுப் படத்தையும் ஒரே ஃபைலாக எடுக்கப் போட்டாள். டிஸ்க்கை வேண்டாம் என்றது இதற்குத்தான், சின்ன நகலிலிருந்து எடுத்தால் படம் சீக்கிரம் வந்துவிடும். கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும். மைதானத்து எல்ஈடி திரையில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் எந்தக் கட்சி வேலையும் மாடியேறி வராது.

பிரதாப் வந்து டைட்டிலை மட்டும் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தான். "கரெக்ட் மேடம், ஒரு காது அளவுதான்!" பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

*

ஏரிக்கரையில் மாவிளக்கு இறங்கி, பொங்கல் பானைகள் ஓரம் கட்டப்பட்டிருந்தன. லாரி மேல் எல்ஈடி திரை. தூரத்தில் கம்பெனிகளின் வெளிச்சம். முன்வரிசை சோபாவில் மாவட்டம், பக்கத்தில் ராஜசேகர். சத்யப்ரியா தன் ஸ்கூட்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பெண்கள் கூட்டத்தோடு நின்றாள்.

திம்மப்பன் கோயில் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பூத்தட்டு. இன்றோடு அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்ற மாதிரி, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அவரைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. சத்யப்ரியா அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

படம் ஓடியது. டைட்டிலில் மாவட்டத்தின் படம் வந்ததும் விசில். அம்மன் ஆகாயத்தில் பறந்தாள். ஊரில் காலரா நின்றது. ராஜசேகர் காரை விட்டு இறங்கி ஏரியைப் பார்த்தார், மெதுவாக, மூன்று கோணத்தில்.

"என்னா பிக்சர் மசமசன்னு வருது?" என்றார் ஒருவர்.

"ஏரித் தண்ணி பட்டிருக்கும்" என்றார் இன்னொருவர். சிரிப்பு.

கடைசிக் காட்சி. திம்மப்பன் தட்டோடு உள்ளே போகிறார். கூட்டத்தில் முணுமுணுப்பு. சாந்தம்மா சத்யப்ரியாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "பாரு பாரு, எங்க கொழுந்தன் பண்ண யோக்கியதைய" என்று வாய்க்குள் சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் அம்மனுக்கு மஞ்சள் தண்ணி ஊற்றிக் கழுவுவது அவள்தான். அதனால்தான் கோபமும் அவளுக்கே அதிகம்.

"மூளியம்மன் வாக்குத் தந்தாள்!" என்று முழங்கியது குரல். "தன் அன்பு மகன் அழைத்த இடத்துக்கு வரச் சம்மதித்தாள்!"

திரை முழுக்க அம்மன். மஞ்சள் முகம். ஒரு பக்கம் நல்ல காது, தோடு. இன்னொரு பக்கம் உடைந்த காது. அந்த உடைந்த காதுக்குக் கீழிருந்த பூ நடுங்கியது. நழுவியது. விழுந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

"அம்ம செவி சூடண்ட்ரா!" சாந்தம்மா தெலுங்கில் கத்தினாள். பதற்றம் வந்தால் அவளுக்கு முதலில் தெலுங்குதான் வரும். "அம்மா காதைப் பாருங்கடா! மூளிக்காதுப் பக்கம்! மூளிக்காதுப் பக்கம்டா உழுந்திருக்குது!"

"ஆமால்ல!"

"ஏய், நிறுத்து! திரும்பப் போடு!"

எல்ஈடி ஆபரேட்டருக்குக் கட்சி எது, ஊர் எது என்று தெரியாது. திரும்பப் போடு என்றார்கள், போட்டான். மறுபடியும் பூ மூளிக்காதுப் பக்கம் விழுந்தது. மறுபடியும் குரல் சம்மதம் என்றது. இந்த முறை யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். ஊரே சிரித்தது.

பிரதாப் லாரியை நோக்கி ஓடினான். ராஜசேகர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவி, பெண்கள் நடுவே சத்யப்ரியாவைக் கண்டுபிடித்தன. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

அவரே போட்ட படத்தை அவரே ஏஐ என்று சொல்ல முடியாது. டைட்டிலில் ஒரு காது அளவு பெரிய மாவட்டத்தின் படம் இருக்கிறது.

முத்துமணி துண்டை உதறித் தோளில் போட்டபடி கோயில் படிக்கு நடந்தார். திம்மப்பன் எழுந்து தட்டை நீட்டினார். முத்துமணி அதை வாங்கவில்லை. "வச்சுக்கப்பா. நாங்கதான் குருட்டுத்தனம் பண்ணிட்டோம். கேமரா ஆளு இல்லேன்னு சொன்னதே நான்தான்."

சாந்தம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "தண்ணி இருக்குதா உங்கிட்ட? தொண்டை காயுது" என்று கொழுந்தனிடம் கேட்டாள். திம்மப்பன் பாட்டிலைக் கொடுத்தார். அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

அந்த நேரத்தில்தான் மைக் கரகரத்தது.

"தாய்மார்களே! பெரியவர்களே!" ராஜசேகர் மேடையில் நின்றார். நிறம் திரும்பியிருந்தது. "பாத்தீங்களா அம்மனோட சக்திய? மனுசன் எழுதின வசனம் ஒண்ணு. அம்மா காட்டின காட்சி ஒண்ணு! எங்கிட்டயே எம் படத்துலயே வந்து, மகனே, நான் இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டா! அவ சொல்லை மீறி இந்த ராஜசேகர் ஒரு செங்கல்ல கை வைப்பானா? கோயில் இங்கயேதான்!"

பின்னால் நின்ற நாலு பேர் கைதட்டினார்கள். மாவட்டமும் தட்டினார். கைதட்டல் பரவியது.

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"திம்மப்பா!" ராஜசேகர் விடவில்லை. "இதே சூட்டோட ஒரு பூக் கேளு. எலெக்‌ஷன்ல நான் ஜெயிக்கறனான்னு, எல்லார் முன்னாலயும்!"

கூட்டம் திம்மப்பனைப் பார்த்தது. கேட் பாஸ் அவர் கழுத்தில் இல்லை, வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் கை ஒரு தரம் நெஞ்சைத் தடவிக்கொண்டது.

"ஊருக்குப் பொதுவானதுக்குத்தானுங்க பூக் கேப்போம். ஒத்தை ஆளுக்குக் கேக்கற வழக்கம் இல்லீங்க" என்றார்.

மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரை கேட்டது.

*

திங்கட்கிழமை பிரதாப்பிடமிருந்து போன். சத்யப்ரியா திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தாள்.

"மேடம், அண்ணன் மொதல்ல குதிச்சாரு. இப்ப செம சந்தோசம். அந்த மைக் பேச்சு ரீல்ஸ்ல எங்கயோ போயிட்டிருக்கு. படத்தை ஒன்றியம் பூரா போடப் போறோம். குரலை மட்டும் மாத்திடுங்க. 'அம்மன் மறுத்தாள், அண்ணன் பணிந்தார்!' எப்படி?"

"காதை வெட்டணுமா சார்?"

"ஐயையோ! காது நல்லாத் தெரியட்டும்."

"வேற எடிட்டரைப் பாத்துக்கங்க சார்" என்று வைத்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சாயங்காலம் திம்மப்பன் கூப்பிட்டார். பின்னால் ஹைவே இரைச்சல்.

"கேட்ல உள்ள உட்டாங்களாண்ணே?"

"உட்டுட்டாங்கம்மா. எப்பிடி நிறுத்துவாங்க? சூளகிரி மேம்பாலத்துல ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்க. அவரு கும்பிடறாரு, நான் தட்டோட பக்கத்துல நிக்கறன். என்னைக் கேக்கவே இல்ல. கம்பெனில எல்லாரும் விஐபி, விஐபிங்கறானுங்க."

"நல்லா இருக்கா போட்டோ?"

"அதாம்மா கேக்கலாம்னு கூப்புட்டன். என் தழும்பு வலது புருவத்துல. இதுல எடது புருவத்துல இருக்குது. எப்பிடிம்மா?"

சத்யப்ரியா கண்ணை மூடினாள். யாரோ ஒரு டிசைனர். திம்மப்பனின் முகம் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அண்ணனைப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று திருப்பிப் போட்டிருப்பான்.